காலித் தொட்டிக்கு எதற்கு இத்தனை நாள் கரண்ட்? புது மீன் தொட்டியில் பாக்டீரியா வளர்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு கே.ஆர். புரம் பக்கம் எங்கள் அபார்ட்மென்ட். தமிழ்க் குடும்பங்கள் நிறைய. யார் வீட்டுக்குப் புதிதாக மீன் தொட்டி வந்தாலும் ஒரு வாரத்துக்குள் எனக்கு போன் வந்துவிடும்: "அண்ணா, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது, என்ன பண்ணட்டும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இதுவரை கேட்கப்பட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மீன் வாங்கும் முன்பு படித்தால் நல்லது. வாங்கிவிட்டவர்களுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது.

தண்ணீர் ஊற்றி 24 மணி நேரம் மோட்டார் ஓடினால் போதும் என்று கடையில் சொன்னார்களே?

எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். 2 அடி தொட்டி, ஆறு கப்பி, நாலு மோலி, கண்ணாடி துடைக்க ஒரு சக்கர் மீன் என்று மொத்தம் பதினொன்று வாங்கி வந்தோம். மூன்றாம் நாள் காலையில் இரண்டு மிதந்தன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு கப்பிதான் மிச்சம். என் மகள் பால்கனித் துளசித் தொட்டியில் குழி தோண்டித் தோண்டி, கடைசியில் "அப்பா, இடமில்லை" என்றாள். திரும்பிப் போய்க் கேட்டதற்கு "தண்ணி சேரலை சார்" என்று சொல்லி ஒரு நீல மருந்தைக் கொடுத்தார்கள். அந்த நீலம் மெத்திலீன் புளூ. நாம் வளர்க்க வேண்டிய பாக்டீரியாவையே அது கொல்லும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

24 மணி நேரக் கணக்கு முழுப் பொய் இல்லை. காற்று பம்ப் ஓடினால் அந்த நேரத்தில் குளோரின் பெரும்பாலும் போய்விடும், தண்ணீரும் அறைச் சூட்டுக்கு வரும். ஆனால் மீன்களைக் கொல்வது குளோரின் மட்டும் இல்லையே.

வேறு எது கொல்கிறது?

அம்மோனியா. மீன் செவுள் வழியாக ஒவ்வொரு நிமிடமும் அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. கழிவும், தின்னாமல் அடியில் கிடக்கும் தீனியும் அழுகினாலும் அதுதான். குளத்தில் இருக்கும் மீனுக்குக் குளம் முழுக்கத் தண்ணீர். நம் 2 அடி தொட்டியில் இருப்பது சுமார் 50 லிட்டர். தன் கழிவிலேயே மீன் மூச்சுவிட வேண்டியிருக்கிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வகை நுண்ணுயிர்கள் வேண்டும். ஒன்று அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக்கும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இரண்டாவது வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவுக்குத் தொந்தரவு இல்லாதது. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். மண்ணில் நடக்கும் இந்த இரண்டு படி வேலையை 1890 வாக்கில் கண்டு சொன்னவர் விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர். பழைய மீன் வளர்ப்புப் புத்தகங்களில் இரண்டாம் படிக்கு நைட்ரோபேக்டர் என்று போட்டிருக்கும். மீன் தொட்டிகளில் உண்மையில் அந்த வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1990களின் கடைசியில் தெரியவந்தது. நைட்ரோஸ்பைராவில் சில வகை இரண்டு படியையும் தனி ஆளாகவே முடிக்கும் என்பதை 2015ல் கண்டுபிடித்தார்கள். பெயர்களை மறந்தாலும் பரவாயில்லை. இவை தண்ணீரில் மிதப்பதில்லை, ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மீன் விடும் முன்பே இவற்றை வளர்த்து வைப்பதைத்தான் மீன்காரர்கள் சைக்கிளிங் என்கிறார்கள்.

எத்தனை நாள் ஆகும்?

நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம். சிலருக்கு எட்டும் ஆகியிருக்கிறது.

பாலுக்கு உறை ஊற்றினால் ராத்திரிக்குள் தயிராகிவிடுகிறதே, இது மட்டும் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று என் மாமியார் கேட்டார். நல்ல கேள்வி. தயிர்ப் பாக்டீரியா ஒன்று இரண்டாவதற்குச் சாதகமான சூட்டில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நம் ஆட்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். உறையே ஊற்றாமல், காற்றிலும் தண்ணீரிலும் வந்து விழுந்த நாலைந்தை வைத்துத் தொடங்கினால் வாரக்கணக்கு ஆகாமல் என்ன செய்யும்?

இன்னொன்றும் தயிரைப் போலத்தான். பெங்களூரு மார்கழியில் இட்லி மாவு பொங்காது, தயிர் சரியாகத் தோயாது. தொட்டியும் அப்படியே. ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும் மாதங்களில் தொட்டித் தண்ணீர் 21, 22லேயே நிற்கும். இந்தப் பாக்டீரியாவுக்குப் பிடித்தது 25 முதல் 30 வரை. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் தொடங்குகிறவர்கள் 50 லிட்டருக்கு 50 வாட் ஹீட்டர் ஒன்று போட்டு 27ல் வைத்துவிடுங்கள். சென்னைச் சொந்தக்காரர் "நாங்க ஹீட்டரே போட்டதில்லையே" என்பார். அவர் ஊர் வெயில் அப்படி.

மீனே இல்லாத தொட்டியில் பாக்டீரியா எதைத் தின்னும்?

நாம்தான் அம்மோனியா ஊற்ற வேண்டும். எனக்குப் பிடித்த வழி நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் சூடான பாத்திரத்தில் ஒரு பொடியைத் தூவுவார், குப்பென்று வெள்ளைப் புகை வரும், நினைவிருக்கிறதா? அதே பொருள்தான், அம்மோனியம் குளோரைடு. ஆனால் ஈயம் பூச விற்கும் சரக்கில் என்னென்ன கலந்திருக்குமோ. பள்ளி, கல்லூரி லேப்களுக்குச் சாமான் விற்கும் கடையில் சுத்தமானதாக ஒரு சின்ன டப்பா வாங்குங்கள். ஆயுசுக்கும் தீராது.

கணக்கு சுலபம். 6 கிராம் நவச்சாரத்தைக் கரைத்து மொத்தம் 100 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். தொட்டியில் ஒவ்வொரு 10 லிட்டருக்கும் இந்தக் கரைசலில் 1 மில்லி விட்டால் ஏறக்குறைய 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா வரும். 50 லிட்டருக்கு 5 மில்லி. மெடிக்கலில் ஊசியில்லாத சிரிஞ்ச் கேட்டால் தருவார்கள். பாட்டில் மேல் பெரிதாக எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிளீச்சிங் பவுடர் இருக்கும் அலமாரியில் மட்டும் வேண்டாம், இரண்டும் கலந்தால் விஷ வாயு வரும்.

தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடுவதும் ஒரு முறைதான், நடக்கும். ஆனால் எவ்வளவு அம்மோனியா வந்தது என்று உங்கள் கையில் கணக்கு இருக்காது. இறால் துண்டு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் மாடியில் ஒருவர் போட்டார். நாலாம் நாள் வீட்டுக்காரம்மா தொட்டியையும் அவரையும் சேர்த்து பால்கனிக்கு அனுப்பிவிட்டார்.

காவேரித் தண்ணியா, போர் தண்ணியா?

பெங்களூருவில் பாதிக் குழப்பம் இங்கேதான். காவேரித் தண்ணி தொரேக்காடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தாண்டி, குளோரினோடு வருகிறது. உப்பு குறைவு. போர் தண்ணி கடினம், பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும். இரண்டிலும் பாக்டீரியா வளரும். பிரச்சினை எங்கே என்றால் பெரும்பாலான அபார்ட்மென்ட் சம்ப்பில் இரண்டும் கலந்திருக்கிறது. காவேரி வராத வாரம் டேங்கர்காரர் வந்து கொட்டிவிட்டுப் போவார். போன வாரத் தண்ணீரும் இந்த வாரத் தண்ணீரும் ஒன்றே இல்லை. அதனால் ஒவ்வொரு முறை தண்ணீர் பிடிக்கும்போதும் பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) பாருங்கள். குளோரின் நீக்கும் சொட்டு மருந்தையும் விடுங்கள். கடைகளில் ஆன்ட்டி குளோரின் என்று கேட்டால் கிடைக்கும்.

போர் தண்ணி வீட்டுக்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். தொட்டியில் ஊற்றும் முன்பே குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். நகரத்து போர்வெல்களில் அது ஏற்கெனவே ஏறியிருக்கலாம். குடிதண்ணீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம். குழாயிலேயே 40 வந்தால், பின்னால் தொட்டியில் 40 காட்டும்போது "ஆஹா, சைக்கிள் முடிந்தது" என்று ஏமாந்துபோவீர்கள்.

சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் பிடித்து நிரப்பாதீர்கள். ரொம்ப சுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள். அந்தச் சுத்தம்தான் தொந்தரவு, ஏனென்று கீழே வருகிறது.

தினமும் என்னதான் செய்வது?

பெரும்பாலும் ஒன்றும் இல்லை. ஃபில்டரும் காற்றும் நிற்காமல் ஓட வேண்டும், விளக்கு தேவையில்லை, இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதனை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச். நான்கையும் பார்க்கும் சொட்டு மருந்து கிட் வேண்டும். காகிதப் பட்டைகள் மலிவு, ஆனால் பலவற்றில் அம்மோனியாவே இருக்காது.

நான் ஹாலில் தொங்கும் தினசரி காலண்டர் தாளிலேயே குறித்து வைத்தேன். கிழித்த தாள்கள் இன்னும் இருக்கின்றன. முதல் நாள்: அம்மோனியா 2. ஒன்பதாம் நாள்: அம்மோனியா 2, ஓரத்தில் மாமியார் கையெழுத்தில் "எதுவும் நடக்கலை". பன்னிரண்டாம் நாள், அம்மோனியா 1. நைட்ரைட் குழாயில் ஐந்து சொட்டு விட்டுக் குலுக்கி, சமையலறை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். வெளிர் நீலத்தின் அடியில் லேசாக, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சாயல். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பதினாறாம் நாள் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் கரும் ஊதா. அன்று கரி நாள் என்று தாளில் போட்டிருந்தது.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்புக்கு அடியில் மஞ்சள் எது, பச்சை எது என்று சண்டையே வரும்.

அம்மோனியா பூஜ்யத்துக்கு வந்ததும் மறுபடியும் 2க்கு ஏற்றாதீர்கள், பாதி அளவு போதும். காரணம் எளிய கணக்கு: 1 பி.பி.எம். அம்மோனியா 2.7 பி.பி.எம். நைட்ரைட்டாக மாறுகிறது. இரண்டாம் வகை பாக்டீரியா இன்னும் சேராத நேரத்தில் தினம் 2 ஊற்றினால் நைட்ரைட் மலை மாதிரி குவிந்து, கிட் காட்டும் எல்லையைத் தாண்டிவிடும்.

தண்ணீர் பால் மாதிரி கலங்கிவிட்டதே?

வேறு வகைப் பாக்டீரியா திடீரென்று பெருகியிருக்கிறது. விட்டுவிடுங்கள், சில நாளில் தானே தெளியும். தண்ணீரை மொத்தமாகக் கொட்டிக் கழுவிவிட்டால் மறுபடியும் முதல் நாள்.

மூன்று வாரமாக நைட்ரைட் இறங்கவே இல்லை. என்ன தப்பு?

பல நேரம் தப்பே இருக்காது, இந்தக் கட்டம்தான் நீளம். என் காலண்டரில் இருபத்தொன்பதாம் நாளும் கரும் ஊதா, முப்பத்து மூன்றாம் நாள் சுத்த நீலம். இறங்கும்போது நாலே நாளுக்குள் இறங்கியது.

ஆனாலும் பி.எச். பாருங்கள். 6.5க்குக் கீழே போயிருந்தால் வேலை நின்றுபோயிருக்கும். அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா அமிலத்தையும் உண்டாக்குகிறது. தண்ணீரில் இருக்கும் கார்பனேட்தான் அதைத் தாங்குகிறது. 1 பி.பி.எம். அம்மோனியாவுக்கு ஏறக்குறைய 6 பி.பி.எம். காரத்தன்மை செலவாகும். மொத்தம் 20 பி.பி.எம். அம்மோனியா ஊற்றியிருந்தால் 120 போயிருக்கும். போர் தண்ணி இதைச் சிரித்துக்கொண்டே தாங்கும். காவேரித் தண்ணி திணறலாம். ஆர்.ஓ. தண்ணீரில் சீக்கிரமே கையிருப்பு காலி.

மருந்து சமையலறையில் இருக்கிறது. 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து விட்டால் காரத்தன்மை 60 பி.பி.எம். அளவுக்கு ஏறும். பேக்கிங் பவுடர் இல்லை, சோடா உப்பு. பி.எச். சரியாக இருந்து நைட்ரைட் மட்டும் கிட்டின் உச்சியிலேயே நின்றால், பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பாக்டீரியா போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அது கல்லில் இருக்கிறது என்று முன்பே சொன்னேன்.

பாட்டிலில் பாக்டீரியா விற்கிறார்களே, வாங்கலாமா?

சில நன்றாக வேலை செய்கின்றன, சில வெறும் தண்ணீர் போலத்தான். நமக்கு வேண்டிய பாக்டீரியா விதை மாதிரி உறங்கு நிலைக்குப் போகத் தெரியாதது. பொடியாக வருவதும், எத்தனை வருஷமானாலும் கெடாது என்று சொல்வதும் பெரும்பாலும் வேறு இனம். அவை கசடு தின்னும், அம்மோனியா பக்கம் போகாது. வாங்குவதென்றால் திரவமாக, தேதி புதிதாக, வெயில்படாமல் வைத்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகும் சோதனையை விடாதீர்கள்.

அப்படியென்றால் வேகப்படுத்த வழியே இல்லையா?

இருக்கிறது, காசும் ஆகாது. உறை ஊற்றுங்கள். ஆறு மாதமாவது நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒன்று, இல்லையென்றால் ஒரு பிடி கூழாங்கல் கேளுங்கள். அவர் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, காற்று இருக்கும்படி பாதி மூடிய டப்பாவில் வைத்து, வெயில் ஏறும் முன் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் செருகுங்கள். காய்ந்தால் செத்துவிடும். எங்கள் மாடிக்காரருக்கு, இறால் விவகாரத்துக்குப் பிறகு, என் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டிக் கொடுத்தேன். பதினோரு நாளில் முடிந்துவிட்டது.

யார் தொட்டி என்பதைப் பார்த்து வாங்குங்கள். நத்தையும் வெள்ளைப் புள்ளி நோயும் கூடவே வரும். இதற்காகவே கடைத் தொட்டிக் கல்லை நான் தொடுவதில்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் பார்க்கப் போவேன், கல் கேட்கமாட்டேன்.

மீன் ஏற்கெனவே வந்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

பொங்கலுக்குக் கொளத்தூரிலிருந்து அண்ணன் வாங்கி வந்தது, பிறந்தநாள் பரிசு என்று இப்படித்தான் வந்து சேரும். நவச்சாரம் எல்லாம் வேண்டாம், மீனே அம்மோனியா தரும். திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் தீனியை இரண்டு நாளைக்கு ஒருமுறை, மீனின் கண் அளவுக்குக் கொஞ்சம். தினமும் அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள். இரண்டில் எது 0.5ஐத் தொட்டாலும் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் நீக்கி, அதே சூட்டில்.

போர் தண்ணிக்காரர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பி.எச். 7ல் அம்மோனியாவின் விஷ வடிவம் மொத்தத்தில் அரை சதவீதம்தான். பி.எச். 8ல் அது 5 சதவீதம். கிட்டில் அதே எண் வந்தாலும் உங்கள் மீனுக்குப் பத்து மடங்கு எரியும்.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

நாள் எண்ணாதீர்கள். காலையில் அம்மோனியாவை 2க்கு ஏற்றுங்கள். மறுநாள் காலை அதே நேரத்தில் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் என்று இரண்டும் வந்தால் முடிந்தது. ஒன்று மட்டும் பூஜ்யம் என்றால் இல்லை. உறுதிக்கு இரண்டு நாள் தொடர்ந்து செய்து பாருங்கள்.

இப்போது நைட்ரேட் எக்கச்சக்கமாக இருக்கும். முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு அன்றோ மறுநாளோ மீன் வாங்கப் போங்கள். நல்ல மீன் கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்றால், அதுவரை பாக்டீரியாவைப் பட்டினி போடாமல் பாதி அளவு அம்மோனியா கொடுத்துக்கொண்டே இருங்கள்.

50 லிட்டரில் எட்டு கப்பி, இல்லையென்றால் ஒரே ஒரு ஃபைட்டர். கோல்டு ஃபிஷ் வேண்டாம். எத்தனை பாக்டீரியா வளர்த்தாலும் அந்த மீனுக்கு அந்த இடம் போதாது.

இனிமேல் ஃபில்டரை எப்படிக் கழுவுவது?

குழாயடியில் வைத்து வெள்ளையாகும் வரை பிழிந்தால் ஆறு வாரமும் சாக்கடைக்குப் போனது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் அரை வாளியில் இரண்டு முறை அமுக்கி எடுங்கள், அவ்வளவுதான். பழுப்பாக இருப்பது இருக்கட்டும்.

கரண்ட் போனால் மூடிய ஃபில்டருக்குள் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீரத் தொடங்கும். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் கையில் இருந்தால் நிம்மதி.

நடுவில் தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போக வேண்டும். எல்லாம் வீணாகுமா?

ஆகாது. கிளம்பும் அன்று வழக்கமான அளவு அம்மோனியாவை விட்டுவிட்டுப் போங்கள். ஒரு வாரம் கொஞ்சம் பசியோடு இருக்கும், சாகாது. ஆனால் காற்றில்லாமல் பிழைக்காது. வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைக்கிற பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டே. அந்த ஒரு பிளக்கை விட்டுவிட்டு மற்ற ஸ்விட்சுகளை மட்டும் அணையுங்கள். எங்கள் வீட்டில் அந்த பிளக்குக்கு மேலே "தொடாதே, உள்ளே ஆள் இருக்கு" என்று மாமியார் எழுதி ஒட்டியது இன்னும் இருக்கிறது.